ஏவுகணையின் கண்ணுக்கு என்ன தெரியும்?

ஏவுகணை பற்றிய செய்தி வந்தாலே தொலைக்காட்சியில் மூன்று விவரங்கள் ஓடும்: எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு வேகம், எத்தனை கிலோ வெடிபொருள். மூன்றும் முக்கியம்தான். ஆனால் நெருப்பைக் கக்கிக்கொண்டு பறக்கும் இரும்புக் குழாய் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே மைசூர்ப் படையிடம் இருந்தது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஏவிய ராக்கெட்டுகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைகளைக் கலங்கடித்தன. ஏவிய பிறகு அது எங்கே போய் விழும் என்பது யார் கையிலும் இல்லை. இன்றைய ஏவுகணை பறக்கும்போதே பார்க்கிறது, பார்த்ததற்கு ஏற்பத் திரும்புகிறது. அந்தப் பார்வை எப்படி வேலை செய்கிறது என்று பல வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். இந்தக் காலத்துப் போர்களைப் புரிந்துகொள்ள, அந்தக் கண்ணுக்கு எது தெரியும், எது தெரியாது, தெரியாததை யார் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று கேட்டால் போதும் என்பது என் எண்ணம்.

ஆரம்பத்தில் அந்தக் கண் மனிதனுடையதாகத்தான் இருந்தது. 1943 செப்டம்பர் 9 அன்று, இத்தாலி நேச நாடுகளிடம் சரணடைந்த செய்தி வெளியான மறுநாள், சார்டினியா தீவுக்கு அருகே ரோமா என்ற இத்தாலியப் போர்க்கப்பலை ஜெர்மானியர்கள் ஃபிரிட்ஸ்-எக்ஸ் என்ற குண்டால் மூழ்கடித்தார்கள். அந்தக் குண்டின் வாலில் பிரகாசமான ஒரு சுடர் எரியும். மேலே விமானத்தில் இருப்பவர் அந்தச் சுடரும் கப்பலும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி ரேடியோ வழியாகக் குண்டைத் திருப்பிக்கொண்டே இருப்பார். கப்பலோடு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த முறையில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. குண்டு போய்ச் சேரும்வரை விமானமும் அந்த இடத்தைவிட்டு நகர முடியாது.

அடுத்த ஆண்டு லண்டன்மீது விழத் தொடங்கிய வி-2 ராக்கெட்டுக்கோ கண்ணே கிடையாது. உள்ளே இருந்த கைரோஸ்கோப்புகள், அதாவது வேகமாகச் சுழன்றுகொண்டு திசை மாறாமல் நிற்கும் சக்கரங்கள், அதன் சொந்த அசைவை மட்டும் அளந்தன. லண்டன் என்ற மாநகரத்தைக் குறிவைக்கலாம், அதற்குள் ஒரு தெருவைக் குறிவைக்க முடியாது. அது எங்கே விழுந்தாலும் யாருடைய வீடாவது இருந்தது.

கண்ணை ஏவுகணைக்குள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு எனக்கு மிகவும் பிடித்த பதில், கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் பிறந்தது. சைனா லேக் என்ற இடத்தில் அமெரிக்கக் கடற்படையின் ஆயுதச் சோதனை நிலையம் இருந்தது. 1946 வாக்கில் வில்லியம் மக்லீன் என்ற இயற்பியலாளர் அங்கே ஒரு சிறு குழுவோடு, மேலிடம் கேட்காமலேயே, வெப்பத்தைத் தேடிப் போகும் ஏவுகணை ஒன்றை உருவாக்கத் தொடங்கினார். தனி நிதி ஒதுக்கீடு இல்லை. வேறு வேலைகளுக்கு வந்த பணத்தில் மிச்சம் பிடித்துத்தான் முதல் சில வருடங்கள் ஓடின. அந்தப் பாலைவனத்திலேயே வாழும் சைட்வைண்டர் என்ற குழிவிரியனின் பெயரை ஏவுகணைக்கு வைத்தார்கள். இரையின் உடல் சூட்டை உணர்ந்து இருட்டிலும் கொத்தும் பாம்பு அது. 1953 செப்டம்பரில் ஆளில்லாமல் பறக்கவிட்ட ஒரு பழைய விமானத்தை இது முதல்முறையாகச் சரியாகத் தாக்கியது.

அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால் ஒரு விதியைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

ஓடிப் பிடித்து விளையாடும் குழந்தைகளைக் கவனியுங்கள். சின்னக் குழந்தை, முன்னால் ஓடுபவன் இப்போது எங்கே இருக்கிறானோ அங்கே பார்த்து ஓடும். எப்போதும் அவனுக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளை குறுக்கே ஓடி மடக்கும். ஏவுகணையும் குறுக்கே போய் மடக்கத்தான் வேண்டும், ஏனென்றால் அதன் எரிபொருள் சில விநாடிகளில் தீர்ந்துவிடும், துரத்திக்கொண்டிருக்க நேரமில்லை. ஆனால் எங்கே மடக்குவது என்று கணக்குப் போட இலக்கின் தூரமும் வேகமும் தெரிய வேண்டாமா? வேண்டாம் என்பதுதான் ஆச்சரியம். கடலோடிகளுக்கு இது பழைய பாடம். எதிரே வரும் கப்பல் நம் பார்வையில் ஒரே திசையில் நகராமல் நின்றபடி பெரிதாகிக்கொண்டே வந்தால், மோதப்போகிறோம் என்று அர்த்தம். மோதலைத் தவிர்க்க மாலுமிகள் வைத்திருந்த விதியை ஏவுகணைப் பொறியாளர்கள் மோதுவதற்காக எடுத்துக்கொண்டார்கள். ஏவுகணையிலிருந்து இலக்கை நோக்கிப் போகும் பார்வைக் கோடு திரும்பாமல் பார்த்துக்கொண்டால் போதும், மோதல் நிச்சயம். அது விநாடிக்கு ஒரு டிகிரி திரும்பினால், ஏவுகணை தன் பாதையை அதே பக்கம் மூன்று முதல் ஐந்து டிகிரி வரை திருப்ப வேண்டும். அவ்வளவுதான் விதி. 1943இல் இதைக் கணிதமாக எழுதியவர்களில் ஒருவர் ஆர்.சி.ஏ. என்ற அமெரிக்க வானொலி நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்த லூக் சியா-லியு யுவான். இயற்பியல் படித்தவர்களுக்கு அவருடைய மனைவியைத் தெரிந்திருக்கும்: அணுக்கருச் சிதைவில் இடவலச் சமச்சீர் உடைகிறது என்பதைச் சோதனையில் காட்டிய சியென்-ஷியுங் வூ.

இந்த விதியை நிறைவேற்ற அன்றைக்குக் கணினி கிடையாது. இருந்த கணினிகள் அறை அறையாக இடம் பிடித்தன. சைட்வைண்டரின் விட்டமோ வெறும் 127 மில்லிமீட்டர். மக்லீன் குழு செய்தது இதுதான். முனையில் கண்ணாடிக் குமிழ். அதற்குப் பின்னால் ஒரு சிறிய வளைந்த ஆடி. அந்த ஆடி ஒரு காந்தத்தோடு சேர்ந்து அதிவேகமாகச் சுழலும். சுழல்வதால் அதுவே ஒரு கைரோஸ்கோப். ஏவுகணை எப்படித் திரும்பினாலும் ஆடி தான் பார்த்த திசையை விடாது. ஆடியில் பட்ட அகச்சிவப்புக் கதிர், கோடுகள் பொறித்த ஒரு தட்டைக் கடந்து லெட் சல்ஃபைடு உணரியில் விழும். வெப்பப் புள்ளி நடுவிலிருந்து விலகினால் தட்டின் கோடுகள் வெளிச்சத்தை வெட்டி வெட்டி அனுப்பும். அந்தத் துடிப்பிலிருந்து எந்தப் பக்கம் விலகியது என்பது தெரிந்துவிடும். உடனே சுற்றிலும் உள்ள கம்பிச்சுருள்களில் மின்சாரம் பாய்ந்து ஆடியை அந்தப் பக்கம் தள்ளும்.

இங்கேதான் அழகு. சுழலும் ஆடியைத் தள்ளத் தேவைப்படும் மின்சாரம், பார்வைக் கோடு திரும்பும் வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது விதிக்குத் தேவையான எண் தானாகவே கிடைத்துவிட்டது. தனியாகக் கணக்கிட ஒன்றும் இல்லை. அதே சைகையைப் பெருக்கி, ஏவுகணையைத் திருப்பும் துடுப்புகளுக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. துடுப்புகளிலும் ஒரு நுட்பம் உண்டு. இத்தனை டிகிரி திரும்பு என்று கட்டளை கொடுக்காமல், இத்தனை விசையோடு தள்ளு என்று கொடுத்தார்கள். காற்று அடர்ந்த தாழ்வான உயரத்தில் துடுப்பு கொஞ்சமாகத் திரும்பும், காற்று மெலிந்த உச்சியில் அதே விசைக்கு அதிகமாகத் திரும்பும். உயரத்தை அளக்கும் கருவியே தேவையில்லாமல் போயிற்று. பின் சிறகுகளின் ஓரத்தில் பல் வைத்த சிறிய உலோகச் சக்கரங்கள் இருக்கும். எதிர்க்காற்றிலேயே அவை பம்பரம்போல் சுழலும். ஏவுகணை உருளத் தொடங்கினால், சுழலும் அந்தச் சக்கரங்களே தாம் பொருத்தப்பட்ட மடலைச் சாய்த்து உருளலை அடக்கும். கொல்வதற்கான கருவி என்று தெரிந்தும், இந்தச் சிக்கனத்தைப் பார்க்கும்போது எனக்கு மரியாதை வராமல் இருப்பதில்லை.

1958 செப்டம்பர் 24 அன்று தைவான் நீரிணைக்கு மேலே இது முதல்முறையாகப் போரில் பயன்பட்டது. தைவானின் சேபர் விமானங்களைவிடச் சீனாவின் மிக்-17 உயரமாகப் பறக்கும். எட்டாத உயரத்தில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த மிக் விமானங்களைக் கீழிருந்து வந்த சைட்வைண்டர்கள் வீழ்த்தின. அந்த மோதல்களின்போது ஓர் ஏவுகணை வெடிக்காமல் ஒரு மிக் விமானத்தில் சிக்கிக்கொண்டதாகவும், விமானி அதோடு தளத்துக்குத் திரும்பியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. எப்படியோ, ஒரு சைட்வைண்டர் சோவியத் பொறியாளர்கள் கைக்குப் போனது. அதைப் பிரித்துப் பார்த்து அவர்கள் செய்ததுதான் கே-13. பின்னாளில் இந்திய விமானப்படையின் மிக்-21 சுமந்தது இந்த கே-13ஐ. பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் சுமந்தது அசல் சைட்வைண்டரை. 1971 போரில் இரண்டு பக்கமும் ஒரே பாலைவனத்தில் பிறந்த ஒரே யோசனையை எதிரெதிராக வைத்துக்கொண்டு நின்றன.

சரி, இந்தக் கண்ணுக்கு என்னதான் தெரிந்தது? ஒரு சூடான புள்ளி. வேறு ஒன்றுமே தெரியாது. ஆரம்பகாலச் சைட்வைண்டருக்கு ஜெட் எஞ்சினின் பின்வாய் மட்டும்தான் தெரியும், அதனால் பின்னாலிருந்துதான் ஏவ வேண்டும். சூரியன் பக்கம் திரும்பினால் சூரியனையே பிடித்துக்கொள்ளும். விமானிக்கு அது பேசும் மொழி காதுக்கருவியில் கேட்கும் ஓர் உறுமல். சூடு கிடைத்தால் உறுமல் கூடும். அந்த உறுமல் எதிரி விமானத்தாலா, வெயிலில் மின்னும் மேகத்தாலா என்று விமானிதான் முடிவு செய்ய வேண்டும்.

வியட்நாம் போர் இதைக் கடுமையாக எடுத்துக்காட்டியது. 1965 முதல் 1968 வரை வட வியட்நாம்மீது அமெரிக்கா நடத்திய குண்டுவீச்சுக் காலத்தில், ராடாரால் வழிநடத்தப்பட்ட ஸ்பாரோ ஏவுகணைகளில் பத்தில் ஒன்றுகூட இலக்கை வீழ்த்தவில்லை. சைட்வைண்டர் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். ஈரப்பதம், கப்பலில் இறங்கும்போது படும் அதிர்ச்சி, பயிற்சி போதாத விமானிகள் என்று காரணங்கள் பல. இன்னொரு காரணம்தான் என்னை அதிகம் யோசிக்கவைத்தது. ஸ்பாரோ கண்ணுக்கெட்டாத தூரத்தில் உள்ளதை அடிக்கச் செய்த ஆயுதம். ஆனால் வானம் முழுக்கத் தங்கள் விமானங்களே பறந்துகொண்டிருந்ததால், எதிரிதான் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே ஏவ வேண்டும் என்று பெரும்பாலும் விதி இருந்தது. பார்க்கும் அளவுக்கு நெருங்கினால் அந்த ஏவுகணைக்கு வேலை செய்யத் தோதான தூரம் இருக்காது. தூரத்திலிருந்து அடிக்கும் வசதியும், அடிபடுவது யார் என்று தெரிந்துகொள்ளும் தேவையும் அன்றைக்கே இரண்டு பக்கம் இழுக்கத் தொடங்கிவிட்டன.

அப்புறம் ஏமாற்றும் கலை வளர்ந்தது. விமானக் கண்காட்சிகளில் போர் விமானங்கள் தீப்பந்துகளை வரிசையாக உதிர்த்துக்கொண்டு போகும், கூட்டம் கைதட்டும். ஃபிளேர் என்று சொல்லப்படும் அவை எஞ்சினைவிடச் சூடாக எரிந்து, துரத்தும் கண்ணைத் தம் பக்கம் இழுப்பதற்காகச் செய்யப்பட்டவை. ராடார் கண்ணுக்கு சாஃப்: காற்றில் தூவப்படும் மெல்லிய உலோகப் பூச்சு இழைகள், ஒரு பெரிய கப்பலைப்போல ராடாரில் எதிரொலிக்கும். ஏவுகணைப் பொறியாளர்கள் சும்மா இருப்பார்களா? இரண்டு அலைநீளங்களில் பார்த்து ஃபிளேரைப் பிரித்தறியும் உணரி வந்தது. பிறகு புள்ளியைப் பார்க்காமல் முழு வெப்பப் படத்தையே பார்க்கும் உணரி வந்தது. இந்தப் போட்டி இன்றும் நிற்கவில்லை.

கண் ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1982இல் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து போரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. அர்ஜென்டினாவிடம் விமானத்திலிருந்து ஏவும் எக்ஸோசெட் ஏவுகணைகள் ஐந்தே ஐந்துதான் இருந்தன. கடல்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே, அலைகளை உரசுவதுபோலப் பறந்து, கடைசி நேரத்தில் மட்டும் தன் ராடாரைத் திறந்து பார்க்கும் ஏவுகணை அது. மே 4 அன்று பிரிட்டனின் ஷெஃபீல்டு கப்பலைத் தாக்கியது. 20 பேர் இறந்தார்கள், சில நாட்களில் கப்பலும் மூழ்கியது. மே 25 அன்று மறுபடி வந்தார்கள். அவர்கள் தேடியது விமானந்தாங்கிக் கப்பலை. பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் சாஃபைத் தூவி ஏவுகணைகளை விலக்கின. விலகிய ஏவுகணைகள் மறுபடி கண் திறந்து தேடியபோது முன்னால் இருந்தது அட்லாண்டிக் கன்வேயர். போருக்காக வாடகைக்கு எடுத்த சரக்குக் கப்பல். அதனிடம் சாஃபும் இல்லை, தற்காப்பு ஏவுகணையும் இல்லை. ராடாருக்கு அது பெரிய எதிரொலி, அவ்வளவுதான். 12 பேர் இறந்தார்கள். கப்பலில் இருந்த மூன்று சினூக் ஹெலிகாப்டர்களும் எரிந்தன. வானத்தில் பறந்துகொண்டிருந்த நான்காவது மட்டும் தப்பியது. ஹெலிகாப்டரில் போக வேண்டிய பிரிட்டிஷ் சிப்பாய்களில் பலர் முதுகில் மூட்டையோடு, சதுப்பு நிலத்தில், குளிரில், சுமார் 90 கிலோமீட்டர் நடந்து போனார்கள். ஒரு போரின் நடையே அப்படி மாறியது.

கடற்போரில் சிறிய படகு பெரிய கப்பலை வீழ்த்தலாம் என்பது அதற்கு முன்பே நிரூபணமாகியிருந்தது. 1967 அக்டோபரில் எகிப்தின் சிறு படகுகள் ஏவிய ஸ்டிக்ஸ் ஏவுகணைகள் இஸ்ரேலின் ஐலாத் கப்பலை மூழ்கடித்தன. 1971 டிசம்பர் 4 இரவு அதே ரக ஏவுகணைகளோடுதான் இந்தியக் கடற்படையின் படகுகள் கராச்சியைத் தாக்கின. 2022 ஏப்ரலில் உக்ரைனின் நெப்டியூன் ஏவுகணைகள் ரஷ்யாவின் மொஸ்க்வா போர்க்கப்பலைத் தாக்கி மூழ்கடித்தது இந்த வரிசையில் வந்ததுதான்.

இதுவரை சொன்னதெல்லாம் கண்ணின் குறை. கண் குறையில்லாமல் வேலை செய்தபோது நடந்ததுதான் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது.

1988 ஜூலை 3. ஈரான் ஏர் 655, பந்தர் அப்பாஸிலிருந்து துபாய்க்கு. அரை மணி நேரப் பயணம். ஏர்பஸ் விமானம் சற்றுத் தாமதமாகக் கிளம்பியது. கீழே பாரசீக வளைகுடாவில் அமெரிக்காவின் வின்சென்ஸ் கப்பல் அந்த நேரத்தில் ஈரானியச் சிறு படகுகளோடு சண்டையில் இருந்தது. அன்றைக்கு உலகத்திலேயே மிகச் சிறந்த கண்காணிப்பு அமைப்பான ஏஜிஸ் அந்தக் கப்பலில் இருந்தது. பந்தர் அப்பாஸ் விமான நிலையத்தைப் போர் விமானங்களும் பயன்படுத்திவந்தன. அங்கிருந்து எழும்பிய ஒரு புள்ளியைக் கப்பலில் இருந்தவர்கள் எஃப்-14 போர் விமானம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் புள்ளி தன்னை ஒரு பயணிகள் விமானம் என்று சைகை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கப்பலின் பதிவுக் கருவிகளைப் பின்னர் ஆராய்ந்தபோது, விமானம் மேலே ஏறிக்கொண்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் கப்பலின் இருண்ட கட்டுப்பாட்டு அறையில், அது கீழே இறங்கித் தங்களை நோக்கி வருகிறது என்று ஒருவர் கத்த, மற்றவர்கள் நம்பினார்கள். ரேடியோவில் எச்சரிக்கை கொடுத்தார்கள். பெரும்பாலான எச்சரிக்கைகள் பயணிகள் விமானத்துக்குக் கேட்கவே கேட்காத ராணுவ அலைவரிசையில் போயின. விமானம் கிளம்பிய ஏழாவது நிமிடத்தில் இரண்டு ஏவுகணைகள் ஏவப்பட்டன.

290 பேர். அவர்களில் 66 பேர் குழந்தைகள்.

அந்த ஏவுகணைகள் எந்தத் தவறும் செய்யவில்லை. காட்டிய புள்ளியைத் தேடிப் போயின, அடைந்தன. ஏஜிஸ் ராடாரும் தவறு செய்யவில்லை, ஏறுகிறது என்று சரியாகவே பதிவு செய்தது. எங்கே இருக்கிறது, எவ்வளவு வேகம் என்பதைக் கருவிகள் சொல்லிவிட்டன. அது யார் என்ற கேள்வி மட்டும் மனிதர்களிடம் மிஞ்சியது, அதுவும் சில நிமிட அவகாசத்தோடு, பயத்தின் நடுவில். 1996இல் அமெரிக்கா 6 கோடியே 18 லட்சம் டாலர் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

2020 ஜனவரி 8 அன்று அதே ஈரான் அதே தவறை மறுபக்கத்திலிருந்து செய்தது. ஈராக்கில் இருந்த அமெரிக்கத் தளங்கள்மீது ஈரான் ஏவுகணை வீசிய சில மணி நேரத்தில், டெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஈரானின் வான்பாதுகாப்புப் படை சுட்டு வீழ்த்தியது. 176 பேர். இடம் மாற்றிய பிறகு ராடாரின் திசையைச் சரியாகப் பொருத்தவில்லை என்றும், மேலிடத்தோடு தொடர்பு கிடைக்காமலேயே ஏவினார்கள் என்றும் ஈரானின் அறிக்கையே சொன்னது. நடுவில், 2014 ஜூலையில், கிழக்கு உக்ரைனுக்கு மேலே மலேசிய விமானம் எம்.எச். 17 வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள்.

இப்போது ஏவுகணை விவாதம் முழுக்க விலையைப் பற்றியதாக மாறியிருக்கிறது. சில பத்தாயிரம் டாலர் ட்ரோனை வீழ்த்த சுமார் 40 லட்சம் டாலர் பேட்ரியட் வான்பாதுகாப்பு ஏவுகணையை ஏவுவது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுகிறார்கள். நியாயமான கணக்குத்தான். உக்ரைனில் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் ட்ரோன்கள் கூட்டம் கூட்டமாக வர வர, ராடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் விநாடிகள் குறைந்துகொண்டே போகின்றன. அந்த முடிவையும் இயந்திரத்திடமே விட்டுவிடலாம் என்ற குரல் வலுக்கிறது. படம் பார்த்து இலக்கைத் தேர்ந்தெடுக்கும் உணரிகள் ஏற்கெனவே வந்துவிட்டன. அவற்றுக்கு ஒரு டாங்கியின் வடிவம் தெரியும். சரணடைய வந்த டாங்கியா என்பது தெரியாது.

பயணிகள் விமானங்களைப் பொறுத்தவரை செய்ய வேண்டியது மிக எளிது. எம்.எச். 17 விசாரணைக்குப் பிறகு நெதர்லாந்தின் பாதுகாப்பு வாரியம், சண்டை நடக்கும் இடங்களுக்கு மேலே உள்ள வான்வெளியை அந்தந்த நாடுகள் உரிய நேரத்தில் மூட வேண்டும் என்று வலியுறுத்தியது. டெஹ்ரானில் அந்த அதிகாலையில் வான்வெளி மூடப்படவில்லை. உக்ரைன் விமானத்துக்கு முன்னால் வேறு சில விமானங்களும் அங்கிருந்து கிளம்பிப் போயின. மூடியிருந்தால் விமான நிறுவனங்களுக்கு ஒரு நாள் வருமானம் போயிருக்கும், எதிரிக்கு நம் பதற்றம் தெரிந்திருக்கும். இந்த இரண்டையும் காரணமாகச் சொல்லி எந்த அரசும் இனி வான்வெளியைத் திறந்து வைத்திருக்கக் கூடாது. இதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பரிந்துரை என்ற அளவில் விட்டுவிடாமல், கட்டாய விதியாகவே கொண்டுவர வேண்டும்.